பார் சப்ளையரின் முதல் கேள்வி

குடிக்க வந்தவரிடம் ‘போதும்’ என்று சொல்லக் கற்றுக்கொடுப்பது என் தொழில். நீச்சல் குளத்து வாசலில் நின்றுகொண்டு ‘நனையாமல் போங்கள்’ என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உங்கள் குடும்பத்திலும் ஒரு சித்தப்பாவோ மச்சானோ இருப்பார். கல்யாண மண்டபத்து வாசலில் பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, “நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்” என்று தூணிடம் சொல்வார். அவரிடம் சாவியைக் கேட்டு, திட்டு வாங்கி, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனபின் ‘வந்து சேர்ந்துட்டேன்’ என்று போன் வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என் கட்சி. என்ன, நீங்கள் வருடத்துக்கு இரண்டு கல்யாணத்தில் படுகிற பாட்டை நான் தினமும் படுகிறேன்.

ஒரு பயிற்சி நிறுவனத்துக்காக, சுங்குவார்சத்திரத்தில் ஆரம்பித்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரை, ஹோட்டல்களோடு சேர்ந்த பார்களுக்கு என் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். ஒவ்வொரு பாரிலும் சப்ளையர்களுக்கு ஒரு வாரம் வகுப்பு. யாருக்கு ஏறிவிட்டது என்று கண்டுபிடிப்பது, எப்போது நிறுத்துவது, வண்டியைத் தொடாமல் எப்படி வீட்டுக்கு அனுப்புவது, இவைதான் பாடம். கடைசி நாள் ஓர் எழுத்துப் பரீட்சை, அதன்பின் நடித்துக் காட்டும் பரீட்சை. அதில் குடிகாரராக நடிப்பது நான். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை என்பதால் என் நடிப்பு படு மோசம் என்பது எல்லா பார்களின் ஒருமித்த கருத்து.

என் பெருமை எல்லாம் ஒரு லேமினேட் செய்த அட்டையில் இருந்தது. ஆர்டர் எடுப்பதற்கு முன் சப்ளையர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை அதில் அச்சடித்திருந்தேன். எப்படி வந்தீங்க? சாப்பிட்டீங்களா? கூட யார் வந்திருக்காங்க? நானே யோசித்து, நானே எழுதி, நானே மெச்சிக்கொண்ட அட்டை. பைக்கில் வந்தேன் என்றால் கவனிக்க வேண்டும், நடந்து வந்தேன் என்றால் கவலையில்லை. இதைவிட எளிமையாக ஒருத்தரால் எழுத முடியுமா என்று எனக்கே ஆச்சரியம். அந்த அட்டையைப் பற்றிப் பின்னால் சொல்லவேண்டியிருக்கிறது.

படத்தில் இருந்த கிளாஸ்

சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு ஹோட்டல் பாரில் முதல் நாள் வகுப்பு. லேப்டாப்பில் அழகான படங்கள் வைத்திருந்தேன். நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கிளாஸ் ஒன்று, அதில் இத்தனை அளவு ஊற்றினால் ஒரு கணக்கு, அடுத்தது வந்தால் இரண்டு. ஒன்பது சப்ளையர்கள் சுவரில் விழுந்த படத்தைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் குறுக்கே பேசவில்லை. ஆஹா, பாடம் இறங்குகிறது என்று நினைத்தேன்.

கடைசியில் சந்தேகம் கேட்கச் சொன்னபோது அந்தோணி எழுந்தார். உள்ளூர்க்காரர், நாற்பது வயது இருக்கும், பாரில் எல்லோருக்கும் சீனியர். நம் வாடிக்கையாளர் கிளாஸ் கணக்கில் குடிப்பதில்லை, ஒரு குவார்ட்டர் வாங்கி இரண்டு பேர் கட்டிங் போட்டுக்கொள்வார்கள், அதில் ஒருத்தன் பாதியில் எழுந்து போனால் மிச்சமும் இவனுக்கு, பக்கத்து டேபிள்காரன் தெரிந்தவனாக இருந்தால் அங்கே ஒரு வாய் என்று பொறுமையாக விளக்கினார். ஆகவே பாட்டிலை எண்ணிப் பயனில்லை, ஆளைத்தான் பார்க்க வேண்டும். பாத்ரூமுக்குப் போகும்போது நாற்காலியை இடித்தானா, திரும்பி வந்து சரியான டேபிளில் உட்கார்ந்தானா, இது போதும் என்றார். எனக்கு முகம் சிவந்தது. ஆனால் அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசியாக அவர் சுவரைக் காட்டிச் சொன்னது: “அந்த கிளாஸ் ஷோக்காத்தான் கீது மேடம், ஆனா நம்மாண்ட வர்றவன் அத்த பாத்தா பூ வைக்கிறதுன்னு நெனைச்சிப்பான்.”

ஹெல்மெட்டுக்கு டோக்கன்

அதே அந்தோணி வகுப்பு முடிந்த மறுவாரம் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிற மாதிரி, பார் வாசலில் ஹெல்மெட்டுக்கு டோக்கன். பழைய கேரம் காய்களில் நம்பர் எழுதி வைத்திருந்தார். உள்ளே வரும்போதே யார் பைக் என்று தெரிந்துவிடும். ஏறிப்போன ஆளுக்கு மட்டும் ஹெல்மெட் சுலபத்தில் கிடைக்காது. தேடுவதுபோல் தேடிக்கொண்டே இருப்பார், அதற்குள் ரூம்மேட்டுக்குப் போன் போய்விடும். கேட்டதும் எனக்குக் கையைத் தட்டவேண்டும்போல் இருந்தது. எங்கள் ஆபீசுக்கு இதைப் பெரிதாக எழுதி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளர், “உன் ஹெல்மெட்ட நீயே வச்சுக்க” என்று சொல்லிவிட்டு வெறுந்தலையோடு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குடித்தவரை வண்டியிலிருந்து பிரிக்கப் போய், ஹெல்மெட்டிலிருந்து பிரித்து அனுப்பிவிட்டோம். அந்தோணி சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே மிதித்திருக்கிறார். நல்லவேளை, ஒரு கிலோமீட்டர் தள்ளி டீக்கடையில் அந்த வாடிக்கையாளர் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அந்தோணி பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு பஜ்ஜி வாங்கி, பேசிப் பேசியே சாவியை வாங்கிவிட்டார். மறுநாளிலிருந்து கேரம் காய் ஹெல்மெட்டுக்கு இல்லை, சாவிக்கு. நடந்ததை எனக்குச் சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் கொஞ்சமும் வெட்கமில்லை. “தப்பு பண்ணேன், ஓடிப் போயி சரி பண்ணேன், இதுக்கு மேல இன்னா மேடம் பரீட்சை?”

அட்டைக்கு நான்காவது கேள்வியைக் கொடுத்ததும் அவர்தான். எங்கள் பக்கம் பார் நிரம்புவது மத்தியானத்தில். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் அரைத் தூக்கத்தில் எழுந்து வருவார்கள், ஒரு பீரே அவர்களுக்கு மூன்று பீர் வேலை செய்யும். டபுள் ஷிப்ட் பார்த்த ஒரு பையனிடம் அந்தோணி பீரைத் திறக்காமலேயே கையில் வைத்துக்கொண்டு கேட்டதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அப்படியே எழுதிக்கொண்டேன். “கடைசியா எப்ப தூங்கினே நைனா?”

பாதி கிளாஸ்

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய உணவகம் ஒன்று. சப்ளை பார்ப்பவர் ஸ்டெல்லா. பக்கத்துக் கிராமம், அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கம்பெனி கேன்டீனில் வேலை, இவர் கேட்டரிங் படித்துவிட்டு இங்கே வந்தவர். அங்கே வரும் கொரிய மேனேஜர்களின் வழக்கம் வேறு. தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது, பெரியவர் சின்னவருக்கு ஊற்றுவார், சின்னவர் இரண்டு கையால் கிளாஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வேண்டாம் என்பது மரியாதையில்லை. கூட வரும் நம்மூர் இன்ஜினியர்களுக்கு இது பெரிய தர்மசங்கடம். பாஸ் ஊற்றுகிறார், இவன் குடிக்கிறான், கிளாஸ் காலி, மறுபடி பாஸ் ஊற்றுகிறார். அதற்கப்புறம் இவன் காரை எடுத்துக்கொண்டு ஒரகடம் ரோட்டில் போகவேண்டும்.

என் அட்டையில் பாஸுக்குக் கேள்வி கிடையாது. ஸ்டெல்லா பத்து நாள் கவனித்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்: காலியான கிளாஸில்தான் ஊற்றுவார்கள், பாதி இருந்தால் தொடமாட்டார்கள். அன்றிலிருந்து கார் ஓட்ட வேண்டிய இன்ஜினியர் வந்தால், மெனு கார்டு கொடுக்கும் சாக்கில் குனிந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிடுவார். அந்த மேஜையில் ஒருவர் முகமும் கோணாது, ஒருவர் மரியாதையும் குறையாது. இவ்வளவுக்கும் அந்தப் பெரிய மேனேஜர்களே கிளம்பும்போது ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் குடித்தவர் போன் செய்தால் டிரைவர் வந்து அவர் காரிலேயே வீட்டில் விட்டுவிட்டுப் போவது சகஜமாம். நாம்தான் ஆக்டிங் டிரைவர் கூப்பிட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஸ்டெல்லா இன்ஜினியர்களிடம் சொல்லும் அந்த வாக்கியம்: “சார், கிளாஸ காலி பண்ணாதீங்க, பாதியிலயே வச்சிக்கினு சிரிச்சிக்கினு இருங்க.”

பத்திரமா போங்க சார்

இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தாய் என்று கேட்பவர்களுக்கு வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன். உண்மையான பதில் இது. முன்பு நான் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருந்தேன். மேலே பாரிலிருந்து இறங்கி வந்த விருந்தாளி ஒருவர், தங்கியிருப்பவர், ஒரு பொருள் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கார் சாவி கேட்டார். முகம் வியர்த்திருந்தது. சாவி என் பின்னால் பலகையில் தொங்கியது. நானே எடுத்துக் கொடுத்தேன். “பத்திரமா போங்க சார்” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அவர் திரும்பி வரவில்லை. மறுநாள் அவருடைய தம்பி வந்து ரூமைக் காலி செய்தார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் பொய். இன்றைக்கும் அந்தப் பொய்க்காகத்தான் வேலை பார்க்கிறேன். அவர் கேட்டது: “நீங்கதானே மேடம் சாவி குடுத்தீங்க, எங்க அண்ணன் ஸ்டெடியா இருந்தாரா?”

ஃபெயில்

மறுபடி சுங்குவார்சத்திரம். அந்தோணியின் பாரில் குமரேசன் என்று ஒரு சப்ளையர். முப்பது வயது, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஆறு பேரோடு ஒரே ரூமில் வாடகைக்கு இருக்கிறார், மற்ற ஆறு பேருக்கும் கம்பெனி வேலை. எழுத்துப் பரீட்சையில் நல்ல மார்க். நடித்துக் காட்டும் பரீட்சையில்தான் சனி. நான் குடிகாரராகத் தள்ளாடிக்கொண்டு இன்னொரு குவார்ட்டர் கேட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, “அண்ணே, தப்பா எடுத்துக்கிடாதீங்க, எம் மேலதான் தப்பு, முன்னமே நிறுத்தியிருக்கணும்” என்றார். நான் சத்தம் போட்டேன். அவர் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டார். நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, ‘சார், இதற்குமேல் கொடுக்க முடியாது’ என்று சொல்ல வேண்டும் என்பது பாடம். அவருக்குக் கண் என் செருப்பில் இருந்தது.

ஃபெயில் போட்டேன். அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தேன், மறுபடியும் அதே மன்னிப்பு. மறுபடி ஃபெயில். மேனேஜர் லோகநாதனுக்கு விதி ஒன்று இருந்தது: சர்ட்டிபிகேட் வாங்காத சப்ளையருக்கு மாதக் கடைசியோடு வேலை கிடையாது. அது குமரேசனுக்கும் தெரியும். நான் கடுகடுவென்று, “உங்களால ஒரு தடவை கண்டிப்பா பேச முடியாதா? வேலை போகப் போகுதுன்னு தெரியும்ல?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “குடிச்சிருக்கவர்ட்ட கண்டிப்பா பேசுனா அவரு நான் சொன்னத கேக்க மாட்டாரு மேடம், எங் குரலத்தான் கேப்பாரு.”

அவர் சொன்னது எனக்கு அன்று உறைக்கவில்லை. மழுப்பல் என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

ட்ரிப் ஷீட்

இரண்டு நாள் கழித்து, நல்ல வெயில் நேரம். நான் லோகநாதனின் அறையில் ரிசல்ட் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்ததால் பார் தெரிந்தது. ஓரத்து டேபிளில் டீ-ஷர்ட் போட்ட ஒருத்தர் தனியாக உட்கார்ந்தார். குமரேசன் என் அட்டைப்படியே கேட்டார். “எப்படி வந்தீங்கண்ணே?” “நடந்துதான் தம்பி.” சாப்பாடு ஆச்சு, கூட யாரும் இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்தாராம். ஹெல்மெட் இல்லை, சாவி வாங்க வண்டியும் இல்லை. நாலு கேள்விக்கும் நல்ல பதில். ஒரு குவார்ட்டர், அரை மணி நேரம், எழுந்து போய்விட்டார். குமரேசன் டேபிளைத் துடைக்கப் போனவர், கிளாஸுக்கு அடியில் நனைந்து ஒட்டியிருந்த ஒரு தாளைப் பிரித்துப் படித்தார். அப்படியே என்னிடம் ஓடிவந்தார். தாளை நீட்டினார். கம்பெனி பஸ்ஸின் ட்ரிப் ஷீட். பஸ் நம்பர், நிற்கும் இடங்கள், கிளம்பும் நேரம். மத்தியானம் தொடங்கும் பி ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் போகிற பஸ். கிளம்ப இன்னும் பதினைந்து நிமிஷம். அவர் நடந்து வந்தது உண்மைதான். பஸ்ஸை பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார்.

“என் ரூம் பயலுவ நாலு பேரு அதுலதான் போவானுவ மேடம், ஸ்கூட்டிய எடுங்க” என்றார் குமரேசன். லோகநாதன் பின்னால், “ஏழு டேபிள் இருக்குடா, எங்கடா போற?” என்று கத்தினார். நான் ஹைவேயில் அவ்வளவு வேகமாக அதற்கு முன் ஓட்டியதில்லை. பின்னால் குமரேசன் ரூம்மேட்டுகளுக்கு போன் போட்டுக்கொண்டே வந்தார், ஒருத்தரும் எடுக்கவில்லை. என் மனதில் ஓடியதெல்லாம் அந்தப் பலகையில் தொங்கிய கார் சாவி.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது பஸ் நிறைந்திருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் டிரைவரிடம் பாய்ந்து போய்ச் சத்தம் போடத் தயாராக வாயைத் திறந்தேன். குமரேசன் என்னைக் கையால் தடுத்துவிட்டு, பஸ் ஜன்னலுக்குப் போய் ரூம்மேட் ஒருத்தரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். நாலு பேர் இறங்கினார்கள். பின்னால் இருவர், அப்புறம் ஒரு வரிசை, இரண்டு வரிசை. பெண்கள் சீட்டிலிருந்து டிபன் பையோடு எல்லோரும். மூன்று நிமிஷத்தில் பஸ் காலி. நாற்பது பேர் ரோட்டோரம் வெயிலில், கழுத்தில் டேக்கோடு நின்றார்கள். நேரத்துக்குப் பஞ்ச் அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருத்தர் கூட டிரைவரைத் திட்டவில்லை.

குமரேசன் டிரைவர் பக்கத்துக் கதவுக்குப் போனார். கையைக் கட்டிக்கொண்டார். பரீட்சையில் நான் இரண்டு தடவை ஃபெயில் போட்ட அதே நிலை, அதே குனிந்த தலை. டிரைவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடுகிறது, கால் எதன்மேல் இருக்கிறது என்று தெரியாது. குமரேசன் சொன்னதை நாற்பது பேரும் கேட்டார்கள். “அண்ணே, எம் மேலதான் தப்பு. எப்படிப் போவீங்கன்னு கேக்காம நான் ஊத்திட்டேன். என்ன மன்னிச்சு சாவியக் குடுங்கண்ணே.”

இன்ஜின் நின்றது. சாவி கைக்கு வந்தது.

யாருக்கு சர்ட்டிபிகேட்

பஸ்ஸிலிருந்தவர்களில் ஒருவர் போன் செய்ய, டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் மாற்று டிரைவரோடு வந்தார். டிரைவர் எதையும் மறைக்கவில்லை. பஸ் நாற்பது நிமிஷம் லேட்டாகப் போனது. நாங்கள் பாருக்குத் திரும்பினோம். லோகநாதன் வாசலிலேயே நின்றிருந்தார். வேலை நேரத்தில் ஏழு டேபிளை விட்டுவிட்டு ஓடியது ஒன்று, ஏற்கெனவே இரண்டு தடவை ஃபெயில் என்பது இன்னொன்று. மாதக் கடைசி வரை எதற்கு, நாளையிலிருந்தே வரவேண்டாம் என்றார். குமரேசன் வழக்கம்போல மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அவரை அதட்டிச் சும்மா இருக்கச் சொன்னேன்.

லோகநாதன் டேபிளில் என் அட்டையை வைத்தேன். நனைந்த ட்ரிப் ஷீட்டைப் பக்கத்தில் வைத்தேன். இந்த ஆள் நான் எழுதிக்கொடுத்த கேள்வியைத்தான் கேட்டார், கேள்விதான் தப்பு, இத்தனை வருஷமாகத் தப்பு, ஃபெயிலானது நான் என்று சொன்னேன். எந்தப் பாரில் குடித்துவிட்டு டிரைவர் அந்த பஸ்ஸை எடுத்தார் என்று யாராவது தேடி வந்திருந்தால், இந்தத் தாள் எந்த கிளாஸுக்கு அடியில் கிடைத்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மேனேஜர்களிடம் மனசாட்சியைப் பற்றிப் பேசினால் இந்தப் பகுதியையும் சேர்த்துப் பேசுவது நல்லது. லோகநாதன் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விசிறி ஓடியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ரிசல்ட் பேப்பரில் ஃபெயிலை அடித்து பாஸ் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு, குமரேசனை டேபிளைக் கவனிக்கப் போகச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். “ஃபெயிலானவனே இந்த ஓட்டம் ஓடுறான்னா, பாஸானவங்களை நெனச்சா எனக்குப் பயமா இருக்கு மேடம்.”

திரும்பி வந்தவர்

இரண்டு வாரம் கழித்து அந்த டிரைவர் வந்தார். பாருக்குள் வரவில்லை, வாசலில் செருப்பை மாட்டியபடியே நின்றார். பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்களாம், யார்டில் பஸ் கழுவும் வேலை கொடுத்திருக்கிறார்கள், மறுபடி ஸ்டீரிங் கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். அந்த ட்ரிப் ஷீட் வேண்டும் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எடுத்து வந்து கொடுத்தேன். தாள் காய்ந்து, கிளாஸ் வைத்த வட்டம் மட்டும் கறையாக நின்றுவிட்டது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

குமரேசனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், முகம் பார்க்க முடியாது என்றார். கோபமா என்று கேட்டேன். அவர் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டி மறுத்தார். அன்றைக்கு நான் திறந்த வாயைத் திறந்தபடியே விட்டிருந்தால், கண்டிப்போடு நிமிர்ந்து நின்று கண்ணைப் பார்த்து என் பாடத்தைச் சொல்லியிருந்தால், என்ன நடந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை நினைக்கவே பயம். அதற்கான பதிலை அவரே சொல்லிவிட்டுப் போனார்: “யாராச்சும் கத்தியிருந்தா ஒரே அழுத்து அழுத்திக்கினு போயிருப்பேன் மேடம், அந்தத் தம்பி என்னாண்ட மன்னிப்பு கேட்டுச்சு, கை தானா சாவிய குடுத்துடுச்சு.”

இப்போது என் அட்டையில் முதல் கேள்வி ‘எப்படிப் போவீங்க?’, அதைத் திருத்திக் கொடுத்தவர் என்னிடம் இரண்டு தடவை ஃபெயிலானவர், மூன்றாவது தடவை யார் யாருக்குப் பரீட்சை வைத்தார்கள் என்று மட்டும் தயவுசெய்து எங்கள் ஆபீசில் கேட்டுவிடாதீர்கள்.